எட்ட நின்று காணும் ஆனந்தம்

அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் அடைக்கப்பட்டதும், மார்கழிக் குளிரையும் பொருட்படுத்தாமல், குழந்தை குட்டிகளோடும் கட்டுச்சோற்றோடும் சென்னையிலிருந்தும் வேலூரிலிருந்தும் திருத்தணியிலிருந்தும் திருமலைக்குப் புறப்படுகிற குடும்பங்கள் எத்தனையோ ஆயிரம். பெரியவர்களுக்கு அது தெய்வ தரிசனம். குழந்தைகளுக்கோ வருஷத்தில் கிடைக்கும் ஒரே பெரிய பிரயாணம். அந்தப் பிரயாணத்தில் அவர்கள் ஏறி இறங்கும் மலை, கோயிலுக்குப் போகும் வழி மட்டுமன்று, பாரதத்தின் அருமையான வனங்களில் ஒன்று என்பதையும், 2010-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஏறக்குறைய 4,755 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சேஷாசல வனத்தை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது என்பதையும், அதிலே கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம் நிற்கிறது என்பதையும் அந்தக் குழந்தைகளுக்கு எடுத்துச் சொல்பவர்கள் மிகச் சிலரே.

காஞ்சிபுரம் வரதராஜர் சந்நிதியில் தங்கப் பல்லியைத் தொட்டு வணங்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். உயிருள்ள தங்கப் பல்லி ஒன்று திருப்பதி மலையின் பாறை இடுக்குகளில், அருவி ஈரம் படிந்த குளிர்ந்த நிழலில், இரவில் நடமாடி வாழ்ந்துகொண்டிருப்பதை அறிந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்? பெட்டோம் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1870-இல் இதே மலையில் கண்டெடுத்து விஞ்ஞான உலகுக்கு அறிவித்த ஜந்து அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பல்லியின் மேனி மெய்யாகவே பொன்னிறம் கொள்கிறது. மரக்கிளையில் பெரிய கண்களை விழித்துக்கொண்டு மெல்ல நகரும் தேவாங்கும் இந்த வனத்தின் பிரஜைதான். இவற்றையெல்லாம் நாம் தேடிப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டுவதில்லை. இவை இருக்கும் மலையில் நாம் நடக்கிறோம் என்ற நினைவு இருந்தால் போதும்.

அந்த நினைவு இல்லாமற் போனதன் விளைவை 2023-ஆம் ஆண்டு நமக்குக் கொடூரமாக உணர்த்தியது. ஜூன் மாதத்தில், திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஒரு சிறு பையனைச் சிறுத்தை கவ்விச் சென்றது. தெய்வாதீனமாக அவன் உயிர் பிழைத்தான். ஆகஸ்ட் 11-ஆம் தேதி இரவு, அதே பாதையில் பெற்றோருடன் ஏறிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பெண் குழந்தை காணாமற் போய், மறுநாள் காலையில் உயிரற்ற உடலாகக் கண்டெடுக்கப்பட்டது. தேவஸ்தானமும் வனத்துறையும் கூண்டு வைத்துச் சிறுத்தைகளைப் பிடித்தன. பிற்பகல் 2 மணிக்குமேல் சிறு குழந்தைகளை நடைபாதையில் அனுமதிப்பதில்லை என்று விதித்தன. பக்தர்களின் கையில் கம்பு கொடுத்தன. மிருகங்களுக்குத் தீனி போடலாகாது என்றும், கடைக்காரர்கள் எச்சில் கழிவைக் காட்டில் கொட்டலாகாது என்றும் கட்டளையிட்டன.

கம்பைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேசிற்று. என் அபிப்பிராயத்தில், அந்தக் கட்டளைகளில் தலையாயவை கடைசியாகச் சொன்ன இரண்டுமே. மலையேறும் பக்தர் தின்றது போக மீந்த சோற்றையும் பழத்தோலையும் பாதையோரத்தில் எறிகிறார். அதைத் தின்னக் காட்டுப் பன்றியும் தெருநாயும் வருகின்றன. அவை வருகிற இடத்துக்கு அவற்றை இரையாகக் கொள்ளும் சிறுத்தை வருகிறது. சிறுத்தை பதுங்கியிருக்கும் புதரின் ஓரத்தில், கூட்டத்தைவிட்டுச் சற்று முந்தி ஓடும் குழந்தை, உருவத்தில் அதன் வழக்கமான இரையைப் போலவே தென்படுகிறது. இந்தச் சங்கிலியில் சிறுத்தை தன் சுபாவத்துக்கு மாறாக ஒன்றும் செய்துவிடவில்லை. முதற்கண்ணியை இட்டவர்கள் நாமே.

ஏழாவது மைல் பக்கம் புள்ளிமான்களைக் கண்டதும் தகப்பனார் குழந்தையைத் தூக்கி, அதன் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, மானின் வாய்க்கு நேரே நீட்டச் செய்வதை நான் கண்டிருக்கிறேன். அவர் முகத்தில் இருந்தது அன்பு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பசித்த வாய்க்கு உணவிடுவது புண்ணியம் என்று தலைமுறை தலைமுறையாகப் போதிக்கப்பட்ட சமூகம் நாம். ஆனால் ஜீவகாருண்யம் என்பது எதிரிலுள்ள ஜீவனுக்கு எது நன்மை என்று விசாரிப்பதில் தொடங்க வேண்டும். மனிதக் கையிலிருந்து தின்னப் பழகிய மான், மேய்ச்சலையும் அச்சத்தையும் மறக்கிறது. பழகிய குரங்கு, கொடாதவரின் பையைப் பறித்துக் கடிக்கிறது. பிறகு அதே குரங்கைப் பிடித்துக் கொண்டுபோய் விடச் சொல்லி மனுப் போடுகிறவர்களும் நாமாகவே இருக்கிறோம்.

இன்று நம் உறவினர்களில் பலர் அமெரிக்காவில் குடியேறியிருக்கிறார்கள். பேரக் குழந்தைகளோடு குளிர்கால விடுமுறையைக் கழிக்க ஃபுளோரிடாவுக்குப் போய் வந்த தாத்தா பாட்டிமார்கள், எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் கரையோரம் கிடந்த முதலைகளையும், குளிருக்கு அஞ்சி வெதுவெதுப்பான நீரூற்றுகளை நாடி ஆற்றுக்குள் வரும் மானட்டி என்ற கடற்பசுக்களையும் பற்றிச் சொல்லும்போது, நானும் ஆவலோடு கேட்டிருக்கிறேன். அங்கே முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். தின்னப் பழகிய முதலை மனிதரை நெருங்கி வரும், நெருங்கி வந்தால் கடைசியில் கொல்லப்படுவது அந்த முதலைதான் என்பதே அதற்குக் காரணம். இந்த ஞானம் அந்த நாட்டாருக்குப் பிறவியிலேயே வந்துவிடவில்லை. சீமாட்டிகளின் தொப்பிகளில் செருகும் இறகுக்காக அங்கே பறவைகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் ஒரு சிறு தீவில் கூடு கட்டிய கூழைக்கடாக்களை, பால் குரோகல் என்ற ஜெர்மானியக் குடியேறி, துப்பாக்கியும் படகுமாகத் தாமே காவல் காத்து வந்தார். 1903 மார்ச் 14-ஆம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அந்தத் தீவைப் பறவைகளின் புகலிடமாக அறிவித்தார். அமெரிக்க நாட்டின் தேசிய வனவிலங்குப் புகலிடங்களுக்கெல்லாம் முதலாவது அதுவே. குரோகலுக்குக் கிடைத்த மாதச் சம்பளம் ஒரு டாலர்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூழைக்கடாவைக் காண ஃபுளோரிடா போக முடியாதவர்களுக்கு, திருப்பதி ஜில்லாவிலேயே நேலபட்டு இருக்கிறது. 2022-இல் ஜில்லாக்கள் பிரிக்கப்பட்டபோது நெல்லூரிலிருந்து சூளூர்ப்பேட்டைப் பகுதி திருப்பதியோடு சேர்ந்தது. அதன் பயனாக, ஏழுமலையானின் ஜில்லாவுக்கு ஒரு பெரும் பறவைச் செல்வமும் வந்து சேர்ந்தது. சென்னையிலிருந்து நெல்லூர் போகும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் சென்றால், ஓர் ஏரி. ஏரிக்குள் தண்ணீரில் கால் பதித்து நிற்கும் நீர்க்கடம்பு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கிளை தாழும்படி கூடுகள். ஐப்பசி மழை தொடங்கியதும் வந்து சேரும் கூழைக்கடாக்கள் பங்குனி வரையில் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. அவற்றோடு நத்தைகுத்தி நாரையும் வெள்ளை அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வக்காவும் அதே மரங்களில் அடுக்கடுக்காகக் கூடு கட்டிக்கொள்கின்றன. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடித்து, தாய்ப்பறவை திரும்பி வந்து கிளையில் இறங்குவதும், குஞ்சு தன் தலை முழுவதையும் தாயின் அலகுப் பைக்குள் நுழைத்து இரையைத் தேடி எடுப்பதும், அடுத்த கிளையில் மற்றொரு பறவை ஒரு சுள்ளியைக் கொணர்ந்து துணையிடம் கொடுப்பதும், பார்வைக் கோபுரத்தில் மௌனமாக நின்று ஒரு மணி நேரம் பார்த்திருக்கும் பொறுமை உடையவருக்கு, எந்த வேடிக்கை விளையாட்டு மைதானமும் அளிக்க முடியாத காட்சிகளாகும்.

நேலபட்டு கிராமத்து விவசாயிகள் இந்தப் பறவைகளை விரட்டுவதில்லை. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். 1976-இல் அரசு அதைச் சரணாலயம் ஆக்கியது. நம் வேடந்தாங்கலில் நடந்ததைப் போலவே அங்கும் ஊரார் காவலும் அரசாங்கத்தின் காவலும் கைகோத்து நிற்கின்றன.

இப்படி எல்லா இடத்திலும் நடந்துவிடவில்லை. ஆந்திரத்தின் கொல்லேறு ஏரிப் பக்கத்தில் ஆரேடு என்ற ஊரில், கேரளத்துப் பறவையியலாளர் கே.கே. நீலகண்டன் 1946-ஐ ஒட்டி ஒரு மாபெரும் கூழைக்கடா குடியிருப்பைக் கண்டார். ஒரு தலைமுறைக் காலம் செல்வதற்குள் அந்தக் குடியிருப்பு முற்றிலும் கைவிடப்பட்டது. தமக்கு நிம்மதி இல்லாத இடத்தைப் பறவைகள் விட்டுப் போய்விடுகின்றன. போன பிறகு எந்தப் பலகையை நட்டாலும், எந்த விழாவை எடுத்தாலும், அவற்றை நாம் நினைத்தபோது திரும்ப வரவழைக்க முடிவதில்லை. கூட்டின் அருகில் படகைச் செலுத்தினாலோ பட்டாசு வெடித்தாலோ தாய்ப்பறவை எழுந்து பறக்கிறது. அது எழுந்த சில நிமிஷங்களில் காகம் முட்டையைத் தூக்கிவிடுகிறது. புகைப்படம் எடுக்கும் ஆசையில் தடுப்பைத் தாண்டிப் போகிறவர் தம் குழந்தைக்கு ஒரு பறவையைக் காட்டினோம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். ஒரு குஞ்சு பிறக்காமலே போனது அவருக்குத் தெரிவதில்லை.

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காட்டு ஏரியின் நடுவே செல்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது இதுவே. மார்கழி, தை மாதங்களில் அந்தச் சாலையின் இருமருங்கும் ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து, சேற்று நீரை வடிகட்டி உண்டுகொண்டிருப்பதைக் காணலாம். ஒருபுறம் விண்ணுக்கு ராக்கெட் ஏவும் தளம், மறுபுறம் யுகயுகமாய் அதே விதத்தில் இரை தேடும் பறவை. இரண்டையும் ஒரே பார்வையில் குழந்தைக்குக் காட்டக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சிலவே. ஜனவரியில் அங்கே அரசு பூநாரை விழா எடுக்கிறது. விழா எடுப்பது நல்லதே. ஆனால் ஒலிபெருக்கியும் வாணவேடிக்கையும் ஏரிக்கரையை நெருங்காமல் இருக்க வேண்டும் என்று நான் அதிகாரிகளைக் கேட்டுக்கொள்வேன்.

சித்தூர் ஜில்லாவுக்குள் வந்தால் விஷயம் இன்னும் கனமானது. பலமநேர், குப்பம் பக்கத்துக் காடுகளில் ஏறத்தாழ இருநூறு வருஷ காலம் யானைகளே இல்லாமல் இருந்தன. 1980-களில் தமிழ்நாட்டு, கர்நாடக எல்லைக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் அங்கே வந்து தங்கிற்று. அவற்றுக்காக 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் அமைந்தது. விடுமுறைக்கு வருகிறவருக்கு யானை ஒரு பரவசம். கரும்பும் வாழையும் நெல்லும் பயிரிட்டு, இரவெல்லாம் டார்ச் விளக்கோடு வயலில் கண் விழிக்கும் குடியானவருக்கோ அது ஒரு பருவத்து உழைப்பின் அழிவு, சில வேளை உயிரின் அழிவு. அந்த விரக்தியில் யாரோ இழுத்துக் கட்டும் மின்சாரக் கம்பியில் யானையும் மடிகிறது. 2025 மே மாதத்தில் காட்டு யானைகளை விரட்டப் பழக்கிய நான்கு கும்கி யானைகளைக் கர்நாடகம் ஆந்திரத்துக்குக் கொடுத்தது. பலமநேர் அருகே முசலிமடுகில் அவற்றுக்கு முகாம் அமைந்திருக்கிறது. அந்த உதவி அவசியமானதே. எனினும், வயல் பக்கம் வந்த யானையைப் படம் பிடிக்க மோட்டார் சைக்கிளில் துரத்துகிற வாலிபர்கள், மிரண்ட யானையை எங்கே விரட்டிவிடுகிறார்கள் என்று யோசிக்க வேண்டும். அவர்கள் ஊர் திரும்பிய பிறகும் அதன் எதிரே அந்தக் குடியானவர்தான் நிற்கிறார்.

மிருகத்தை அதன் இடத்தில் மதிக்கத் தெரியாதவருக்குக் கூண்டுகூடக் காவல் ஆவதில்லை. திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா மிருகக்காட்சி சாலையில், 2024 பிப்ரவரியில், தடுப்பைத் தாண்டிச் சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கிய ஒருவர் உயிரிழந்தார். எவ்வளவு கிட்டப் போனோமோ அவ்வளவு பார்த்தோம் என்ற எண்ணம் எப்படி நம்மிடையே வேரூன்றிற்று என்று எனக்கு விளங்கவில்லை. மூலஸ்தானத்துக்குள் புகுந்து விக்கிரகத்தைத் தொட்டால்தான் தரிசனம் என்று எந்தப் பக்தரும் நினைப்பதில்லை. வாசற்படிக்கு அப்பால் நின்று கைகூப்பும் அந்த அடக்கத்தை, ஏழு மலையைச் சூழ்ந்த வனத்தினிடமும் காட்டத் தடை என்ன?

தேவஸ்தானம் செய்ய வேண்டுவது ஒன்று. 2023-இல் பிறப்பித்த கட்டளைகளைத் துக்கம் ஆறியதும் தளர விடாமல், குறிப்பாகத் தீனி போடுவதையும் கழிவு கொட்டுவதையும் பற்றியவற்றை, வருஷம் முழுவதும் கண்டிப்பாக நடத்த வேண்டும். அலிபிரியிலும், மற்றொரு நடைபாதையான ஸ்ரீவாரி மெட்டுவிலும், தெலுங்கோடு தமிழிலும் கன்னடத்திலும், படியேறத் தொடங்கும் இடத்திலேயே அவற்றை எழுதி வைக்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும்போது, கேளிக்கைப் பூங்காக்களில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு நேலபட்டுவுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம்.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. வருகிற விடுமுறையில் திருமலைக்குப் போனால், தரிசனத்துக்குப் பிறகு இன்னும் ஒரு நாளைப் பறவைகளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் பொழுது சாய்வதற்கு முன் ஏறி முடியுங்கள். குழந்தையின் கையைப் பிடித்த பிடியை விடாதீர்கள். மானோ குரங்கோ எதிரே வந்தால் நின்று பாருங்கள், பிறகு நடையைத் தொடருங்கள். பையிலுள்ள பிஸ்கட் குழந்தையின் பசிக்கு மட்டுமே. மீந்ததையும் அதன் காகித உறையையும் கீழே கொண்டுவந்து குப்பைத் தொட்டியில் போடுங்கள்.