வசூலுக்குப் போறவனுக்கு மட்டும்தான் கடலா?

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில வாய்தவறிச் சொல்லிட்டேன். "வர்ற சித்திரைக் கடைசியில நானும் வீட்டம்மாவும் நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி யாழ்ப்பாணம் போறோம். பதினாறு நாள்." அவ்ளோதான். சட்னி ஊத்த வந்தவர் வரைக்கும் கருத்து சொல்லிட்டார்.

சித்தப்பா: "ஏம்ப்பா, திருச்சியிலேர்ந்து பிளேன் விட்டாகள்ல? ஒரு மணி நேரத்துல எறங்கிரலாம்ல?" பெங்களூர் தம்பி: "அண்ணே, தாய்லாந்து பேக்கேஜே அஞ்சு நாள்தான்!" இதெல்லாம் போகட்டும். ஒரு அயித்தை தங்கமணியைத் தனியா இழுத்துட்டுப் போய், "ஏத்தா, இந்த வயசுல ஒனக்கு எதுக்குக் கடலு? காசிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லு"ன்னாங்க பாருங்க, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

மேடை கிடைச்சா நாங்க கடலோடிப் பரம்பரைன்னு முழங்குறது இதே ஜனங்கதான். ஔவையாரைத் துணைக்குக் கூப்பிடாத ஒரு பேச்சு கிடையாது. வெளியூர்க்காரங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டும்போது பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடின்னு வரிசையா ஒப்பிப்பாங்க. அத்தனையும் கப்பல்ல வந்த சாமான். ஆக, தூணு கப்பல்ல வரலாம். ஆச்சி கப்பல்ல போகக்கூடாது. நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

எங்க பக்கம் அக்கரை வியாபாரத்துக்குக் 'கொண்டுவிக்கப் போறது'ன்னே பேரு. ரங்கூன், பினாங்கு, சைகோன், கொழும்பு எல்லாமே கடைக்குப் போற வழி. கடல்ங்கறது நடுவுல கிடக்கிற ரோடு, அவ்வளவே. மேலாளா போறவருக்கு ஒரு தவணை மூணு வருஷம். பொண்டாட்டி இங்கேயே. (பிற்காலத்துல சில பேர் குடும்பத்தோட போனாங்க, இல்லேங்கல. கும்மியடிக்க வர்றவங்க கவனிக்க.)

எங்க ஐயா கல்யாணமாகி எட்டாவது மாசம் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனார். 1926-ல் கட்டின கப்பல் அது. மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர்னு 1973 வரைக்கும் ஓடின கிழவி. அப்பத்தா வழியனுப்பப் போனது எதுவரைக்கும் தெரியுமா? வளவு தாண்டி முகப்பு வரைக்கும். அதுக்கு மேல பொம்பளை போகிற வழக்கமில்லை. மூணு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே, மறுபடி மூணு வருஷம். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் மலாயாவுல இறங்கினதும் கடுதாசியும் நின்னு போச்சு. சண்டை முடிஞ்சு ஆள் உயிரோட இருக்கார்னு தெரியற வரைக்கும் அவ நெத்தியில குங்குமம் வைக்கும்போதெல்லாம் கை நடுங்கும்னு சொல்லியிருக்கா. நாப்பது வருஷ தாம்பத்தியத்துல ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தது எவ்வளவுன்னு ஒரு நாள் திண்ணையில உக்காந்து விரல்விட்டு எண்ணினா. பத்து வருஷம் தேறலை.

அப்பத்தா கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. ராமேஸ்வரத்துல, ஐயாவோட அஸ்தியைக் கரைக்கப் போனப்போ. நான் சின்னப் பையன், கையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இம்புட்டுத் தண்ணியவா தாண்டிப் போனாக"ன்னு மட்டும் சொன்னா.

இந்தக் கதையைத் தங்கமணிகிட்ட கல்யாணமான புதுசுல சொன்னது. முப்பது வருஷம் கழிச்சு, நான் ஆணி புடுங்கி முடிச்சு ரிட்டயர் ஆன அன்னைக்குச் சாயங்காலம் அவ கேட்டது ஒண்ணுதான்: "உங்க அப்பத்தா பார்க்காத தண்ணியை நான் பார்க்கலாமா?" இதுக்குக் காசி டிக்கெட்டா பதில்?

இனி நம்ம ஊர் அதிசயம் ஒண்ணு. 1985-ல் ராமநாதபுரத்தைப் பிரிச்சப்போ கடற்கரை முழுக்க அந்தப் பக்கமே நின்னு போச்சு. சிவகங்கை மாவட்டத்துக்கு ஒரு சாண் கடல் கிடையாது. ஆனா நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் போற கப்பலுக்குப் பேரு என்ன? சிவகங்கை! 2023 அக்டோபர் 14-ல் 'செரியபாணி'ங்கிற கப்பலோட தொடங்கின சேவை சீக்கிரமே நின்னு போய், 2024 ஆகஸ்ட் 16-ல் இந்தச் 'சிவகங்கை'யோட மறுபடி ஆரம்பிச்சது. 110 கிலோமீட்டர் சொச்சம், நாலு மணி நேரம். கடலே இல்லாத மாவட்டத்தோட பேரைக் கப்பல் சுமந்துக்கிட்டுப் போகுது, அந்த மாவட்டத்து ஆளுங்க பிளேனைக் காட்டுறாங்க.

ஏன் சித்திரைன்னு கேட்டார் ஒரு புத்திசாலி. ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து அடிக்கிறப்போ பாக் நீரிணையில சின்னக் கப்பல் பாடு திண்டாட்டம். 2024 நவம்பரில் மழைக்காலத்துக்காக நிறுத்தின சேவை 2025 பிப்ரவரியிலதான் திரும்ப ஓடுச்சு. ரெண்டு பருவக்காத்துக்கும் இடைப்பட்ட மாசி முதல் சித்திரை வரைக்கும்தான் இந்தப் பக்கம் கடல் படுத்துக் கிடக்கும். அந்தக் காலத்துல மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிச்சதும் இந்த மாசங்கள்லதான். வைகாசி பொறந்தா இலங்கையோட மேற்குக் கரை கொந்தளிக்கும், கிழக்குக் கரை அமைதியாகும். அதனால எங்க திட்டமும் காத்துக்குத் தக்கபடிதான். முதல்ல வடக்கு, அப்புறம் கிழக்கு.

காரைக்குடியில ரயில் ஏறி அறந்தாங்கி, பட்டுக்கோட்டை வழியா திருவாரூர், அங்கேருந்து நாகப்பட்டினம். கப்பல் புறப்படாம போனா என்ன பண்ணுவேன்னு கேக்குறீங்களா? அதுக்குன்னே மூணு நாள் சும்மா ஒதுக்கி வச்சிருக்கு. நாகூர் இருக்கு, வேளாங்கண்ணி இருக்கு, கோடியக்கரையில மான் இருக்கு. கடலை நம்பிப் போறவன் நாட்காட்டியைக் கையில வச்சிக்கிட்டு அழக்கூடாது. அந்தப் பக்கம் இறங்கி யாழ்ப்பாணத்துல ஒரு அறை. குறிகட்டுவானிலேருந்து படகுல நயினாதீவு, இன்னொரு நாள் நெடுந்தீவு. அப்புறம் வல்வெட்டித்துறை. அங்கே கட்டின 'அன்னபூரணி'ங்கிற பாய்க்கப்பலை ராபின்சன்ங்கிற அமெரிக்கர் வாங்கித் தன் மனைவி பேரை வச்சார், தமிழ் மாலுமிங்க அதை ஓட்டிக்கிட்டுப் போய் 1938-ல் அமெரிக்காவோட குளோஸ்டர் துறைமுகத்துல சேர்த்தாங்க. அந்தக் கரையில கொஞ்ச நேரம் உக்காரணும். கடைசியா பஸ் பிடிச்சுத் திருகோணமலை. ஒரு நாளைக்கு ஒரு ஊருக்கு மேல கிடையாதுங்கிறது தங்கமணி போட்ட சட்டம்.

உண்மையில எனக்கு ஆசை வேற. தொண்டியில பாய்மரப் படகு ஏறி, ஜெகதாப்பட்டினம், கோடியக்கரைன்னு கரையைப் பார்த்துக்கிட்டே நாகப்பட்டினம் போகணும். காரைக்குடியிலேருந்து தொண்டி ஒண்ணரை மணி நேர பஸ். ஆனா தொண்டியிலேருந்து நாகைக்குக் கடல்வழியா ஒரு பயணியை ஏத்திக்கிட்டுப் போக ஒரு படகு கிடையாது. நார்வேயில ஐஸ் கொட்டுற கரையில 1893-லேருந்து கரையோரக் கப்பல் ஓடுது, இப்போ பெர்கனிலேருந்து கிர்க்கனெஸ் வரைக்கும். ஊர் ஊரா நிக்கும், தபாலும் ஜனமும் ஏறும் இறங்கும். அவ்வளவு பெரிய கரையோரத்தை வச்சிக்கிட்டு நாம என்ன பண்றோம்? ஈ.சி.ஆர். ரோட்டுல கார்ல பறக்குறோம். கடல் இடது பக்கமா வலது பக்கமான்னுகூடத் தெரியாது. சென்னையிலேருந்து சொகுசுக் கப்பல் விட்டாங்க, 2022-லேருந்து. அதுல அடுக்குமாடி ஹோட்டலுக்குள்ள உக்காந்து பஃபே சாப்பிடணும். கடல் அங்கே வால்பேப்பர். வேண்டாஞ்சாமி.

பாக் நீரிணை ஆபத்துன்னு ஒருத்தர் மிரட்டினார். ஆபத்துதான், யாருக்கு? வலையைத் தூக்கிக்கிட்டுப் போற மீனவனுக்கு. படகு பறிபோகும், ஜெயிலுக்குப் போவான். ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு கரையேறி நிக்கும், கையில காசிருக்காது. டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உக்காந்து போற எனக்கு என்ன ஆபத்து? வாந்தி வரும். அவோமின் மாத்திரை வாங்கியாச்சு.

"பொம்பளைக்கு எதுக்குக் கடலு" அயித்தைக்கு ஒரு சேதி. புதுச்சேரிக்காரப் பொண்ணு ரூபா, கோழிக்கோட்டுத் தில்னா, ரெண்டு பேரும் நம்ம கடற்படை அதிகாரிங்க. 2024 அக்டோபரில் கோவாவுல 'தாரிணி' பாய்மரப் படகுல ஏறி, ரெண்டே ரெண்டு பேரா உலகத்தைச் சுத்திட்டு, 2025 மே மாசம் திரும்பி வந்தாங்க. எட்டு மாசம். கேப் ஹார்ன் முனையையே தாண்டினாங்க. எங்க வீட்டம்மா கேக்குறது நாலு மணி நேரம்.

பாஸ்போர்ட் வந்தாச்சு. ஜன்னல் சீட்டு யாருக்குங்கிற வழக்குல போகும்போது அவளுக்கு, திரும்பும்போதும் அவளுக்குன்னு தீர்ப்பு. சித்தப்பா, நீங்க பிளேன்லயே வாங்க. யாழ்ப்பாணத்துல பார்ப்போம், காபி எங்க செலவு :-)