பயணத் துணை: பூட்டானுக்கு ஒரு முதற்பயணம்

கல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் அன்பர் ஒருவர் சென்ற மாதம் ஒரு கடிதம் விடுத்திருந்தார். மனைவி, ஒன்பது வயது மகள், எழுபதைக் கடந்த தந்தையார் ஆகியோருடன் பூட்டான் தேசத்துக்கு ஐந்து நாட்கள் சென்றுவர எண்ணியிருக்கிறாராம். பெரியவரை அழைத்துச் செல்லலாமா, வீட்டில் விட்டுச் செல்லலாமா என்பது அவரது ஐயம். ஒரு சொல்லில் விடை தந்துவிடலாம். ஆயினும் அவ்விடை எனக்கு எவ்வாறு கிடைத்தது என்பதையும் கூறினால்தான் அன்பருக்குப் பயன்படும்.

1958-ஆம் ஆண்டில் பிரதமர் நேரு அந்நாட்டுக்குச் சென்றபோது மோட்டார் செல்லும் சாலை அங்கே கிடையாது. சிக்கிமிலிருந்து நாது லா கணவாயைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கு வழியே பல நாட்கள் மலைப்பாதையில் பிரயாணம் செய்தே அவர் பாரோவை அடைந்தார். 1961-இல் நம் நாட்டு எல்லைச் சாலைத் துறையினர் அங்கே பணியைத் தொடங்கினர். 1983-இல் விமானப் போக்குவரத்து ஏற்பட்டது. முதன்முதலில் அவ்விமானம் பாரோவுக்கும் நம் கல்கத்தாவுக்கும் இடையேதான் பறந்தது. இன்றோ இரவு சியால்தாவில் காஞ்சன் கன்யா வண்டியில் ஏறிப் படுத்தால் மறுநாள் ஹாசிமாராவில் இறங்கலாம். அங்கிருந்து எல்லை ஊராகிய ஜெய்காவ்ன் இருபது கிலோமீட்டருக்கும் குறைவு. வழி இவ்வளவு எளிதாகிவிட்டமையால்தான் நம்மவர் டார்ஜிலிங்குக்குப் போவதுபோல் எண்ணிப் புறப்பட்டுவிடுகின்றனர். நானும் அவ்வாறுதான் புறப்பட்டேன்.

2023-ஆம் ஆண்டு பூஜை விடுமுறையில் நாங்கள் ஐவர் சென்றோம். என் தாயார் அப்பொழுதுதான் திருநெல்வேலியிலிருந்து வந்து எங்களுடன் வசிக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய ஆதார் அட்டையைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டேன். அது போதும் என்று எண்ணியது என் பேதைமை. பூட்டானுக்குள் நுழைய இந்தியருக்கு விசா வேண்டுவதில்லை. அநுமதிச் சீட்டு மட்டும் பெறவேண்டும். ஆனால் அதற்குக் காட்டத்தக்க சான்றுகள் இரண்டே. ஒன்று, இன்னும் ஆறு மாதமேனும் செல்லத்தக்க கடவுச்சீட்டு; மற்றொன்று வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் அங்கே செல்லாது. தாயாருக்குக் கடவுச்சீட்டு இல்லை. வாக்காளர் அட்டையோ திருநெல்வேலி வீட்டு அலமாரியில், பட்டுப் புடவைகளுக்கு அடியில் இருந்தது.

எல்லையில் இருந்த அலுவலர் மிக்க மரியாதையுடன்தான் மறுத்தார். குழந்தைகள் இருவரும் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றனர். "நீங்கள் எல்லோரும் போய்விட்டு வாருங்கள். நான் இந்த ஊரிலேயே ஓர் அறையில் இருந்துகொள்கிறேன். எனக்கு மலை ஏற முடியாது என்று முன்பே சொன்னேன் அல்லவா?" என்றார்கள் தாயார். அவர்கள் முன்பு அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி வாங்கிக் கொடுத்த கம்பளிக் குல்லாயை இரயிலிலேயே அணிந்து பார்த்தவர்கள். மனைவியையும் குழந்தைகளையும் அனுப்பிவிட்டு, நான் தாயாருடன் ஜெய்காவ்னில் நான்கு இரவுகள் தங்கினேன். விடுதி மாடியிலிருந்து பார்த்தால் எல்லை வாயிலின் வண்ணக் கூரை தெரியும். தாயார் அதைப்பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நம்மைப்போன்ற குடும்பங்களுக்கு இஃது அடிக்கடி நேரக்கூடியது. பிழைப்பு ஓரூரில், பத்திரங்கள் வேறூரில். ஆகவே அன்பர்கள் இன்றே பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும்: பெரியவர்களுடைய வாக்காளர் அட்டை யார் வீட்டில் இருக்கிறது? அசலையே கொண்டுசெல்க. குழந்தைகளுக்குக் கடவுச்சீட்டு இல்லையெனில் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் ஆங்கிலமும் இருத்தல் நலம்.

இனிச் செலவு. 2022 செப்டம்பர் முதல் இந்தியப் பிரயாணி ஒவ்வொருவரும் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் அரசாங்கக் கட்டணம் செலுத்தவேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை பாதிக் கட்டணம். அதற்கும் இளைய குழந்தைகளுக்கு இல்லை. கடிதம் எழுதிய அன்பரின் குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு 4,200, நான்கு இரவுகளுக்கு 16,800 ரூபாய் ஆகும். விடுதி, உணவு, வண்டி யாவும் இதற்குப் புறம்பு. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. புறப்படுமுன் அந்நாட்டுச் சுற்றுலாத் துறையின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளவேண்டும். அவர்களுடைய நுல்ட்ரம் நாணயம் நம் ரூபாய்க்குச் சமமானது. நம் நோட்டுக்கள் அங்கே வழங்கும். அவர்கள் நோட்டு எல்லை ஊரைத் தாண்டினால் நம் நாட்டில் வழங்காது. மிச்சத்தை அங்கேயே செலவழித்துவிடுக. கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைக்கவும் மறவாதீர்.

ஐந்து நாளில் எவ்வளவு பார்க்கலாம்? தரகர்கள் தரும் நிரலில் ஆறேழு ஊர்கள் இருக்கும். அவற்றுள் பாதியை அடித்துவிடுங்கள். எல்லையிலிருந்து தலைநகரம் திம்புவுக்குச் சுமார் 150 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலை வளைவுகளில் ஐந்து மணி நேரம் ஆகும். கடல்மட்டத்தை ஒட்டிய கல்கத்தாவில் வாழும் உடல் ஒரே நாளில் 2,300 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. முதல் நாள் தலைவலியும் மூச்சிரைப்பும் சிலருக்கு வரும். அன்று மாலை ஒன்றும் பாராமல் படுத்திருப்பதே நல்லது. இருதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது. வளைவுகளில் குமட்டல் வருபவர்கள் சுக்குப்பொடி வைத்துக்கொள்க.

திம்புவில் இரண்டு இரவு, பூனாக்காவில் ஓர் இரவு, பாரோவில் ஓர் இரவு. இதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். திம்புவிலிருந்து பூனாக்கா செல்லும் வழியில் டோச்சு லா என்னும் கணவாய் 3,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே நூற்றெட்டு ஸ்தூபிகள் நிற்கின்றன. குளிர் கடுமை, பெரியவர்களை அங்கே நெடுநேரம் நிறுத்தவேண்டாம். பூனாக்காவோ சுமார் 1,200 மீட்டர்தான். இளவெயிலும் நெல் வயல்களுமாக நம் உடலுக்கு இசைந்த இடம். தந்தை ஆறு என்றும் தாய் ஆறு என்றும் பொருள்படும் போ சு, மோ சு என்ற இரண்டும் கூடும் துறையில் 1637-38-இல் எழுப்பிய கோட்டை மடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் தலைநகரில் ஓர் இரவைக் குறைத்து இங்கே கூட்டிக்கொள்வேன்.

பாரோவில் எல்லோரும் காண விரும்புவது தக்ஸங் மடம். செங்குத்தான பாறையில் 3,100 மீட்டருக்கு மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1998-இல் தீக்கிரையாகி, மீண்டும் கட்டப்பெற்றது. ஏறி இறங்க நல்ல நடையுடையவர்க்கே ஐந்து, ஆறு மணி நேரம் ஆகும். பாதி வழிவரை குதிரை கிடைக்கும். ஆனால் இறங்கும்போது குதிரை இல்லை. இதனை அறியாமல் ஏறியவர்களின் முழங்கால் பிறகு வருந்தும். முதியவர்கள் அடிவாரத்திலிருந்தே கண்குளிரக் காணலாம். ஒருவர் அவர்களுடன் இருக்கவேண்டும் என்பதை மட்டும் முன்னரே பேசி முடித்துக்கொள்க.

கோயில் ஒழுக்கம் நமக்குப் புதிதன்று. ஸ்தூபியை வலமாகவே சுற்றவேண்டும். வேண்டுதல் உருளைகளையும் வலமாகவே சுழற்றவேண்டும். பாதரட்சையும் தொப்பியும் கழற்றிவிட்டு, கைகால் மறைக்கும் உடையுடன் செல்லவேண்டும். சந்நிதிக்குள் புகைப்படம் எடுக்கக் கூடாது.

உணவைப் பற்றி நம்மவர் அதிகமாக அஞ்சுகின்றனர். சிவப்பரிசிச் சோறு எங்கும் கிடைக்கும். எமா தட்சி என்பது மிளகாயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் செய்வது. அங்கே மிளகாய் காரத்துக்கு இடும் பொருளன்று, அதுவே காய்கறி! குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கில் செய்த கேவா தட்சியைக் கேளுங்கள். சைவர்கள் "இறைச்சி கலந்ததா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுவிடுவது உசிதம். உப்பிட்ட வெண்ணெய்த் தேநீரை ஒருமுறை சுவைத்துப் பாருங்கள், எனக்குப் பிடிக்கவில்லை.

மழைக்காலமாகிய ஜூன் முதல் ஆகஸ்டு வரை மண்சரிவு உண்டு. அக்டோபர், நவம்பரில் வானம் தெளிந்திருக்கும்.

அடுத்த ஆண்டு நவம்பரில் தாயாரை மீண்டும் அழைத்துச் சென்றேன். வாக்காளர் அட்டையை என் மைத்துனர் பதிவுத் தபாலில் அனுப்பிவைத்தார். பூனாக்காவில் ஒரு சிறு கோயிலில் துறவி ஒருவர் குங்குமப்பூ மணக்கும் நீரை உள்ளங்கையில் வார்த்தார். என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்க, தாயார் அதைப் பருகி, ஈரக்கையைத் தலையில் தடவிக்கொண்டார்கள். அதுவே அங்கே முறை என்று வழிகாட்டி பிறகு சொன்னார்.

ஆகவே, அன்பரே, தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள். இரயிலில் கீழ்ப்படுக்கை கேட்டு வாங்குங்கள். முன்பதிவு அறுபது நாட்களுக்கு முன் திறக்கிறது. அதற்குமுன் அவருடைய வாக்காளர் அட்டை எங்கே இருக்கிறது என்று ஊருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.