கச்சான் விளையிற மண்ணில் கச்சான் ஒத்துக்கொள்ளாத பிள்ளை



கொஞ்சம் நீளமான பதிவு. சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர் கட்டாயம் வாசியுங்கோ.

முறிகண்டியில் வாகனம் நின்றால் கச்சான் வாங்காமல் வருகிறவர் குறைவு. வாணி விழா என்றால் அவல், கடலை. பின்னேரத் தேத்தண்ணியோடு அவிச்ச கௌபி, பயறு. இறைச்சி வாங்க வசதியில்லாத வீட்டில் பருப்பும் சோயா மீற்றும்தான் பிள்ளையின்ர புரதம். அதனால்தான் எங்கட ஊரில் "பிள்ளைக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது" என்று ஒரு தாய் சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. "சாப்பிடக் கள்ளம்", "செல்லம் குடுத்துப் பழக்கிப்போட்டா" என்று கதை முடிந்துவிடும்.

இது செல்லம் இல்லை. உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி அந்த உணவில் உள்ள புரதத்தை எதிரி என்று பிழையாக எடுத்துக்கொள்வதுதான் ஒவ்வாமை. சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ தோலில் தடிப்பு, உதடு கண் வீக்கம், வாந்தி வரலாம். மூச்சு இழுத்தால், குரல் கம்மினால், பிள்ளை சோர்ந்து மயங்கினால் அது உயிராபத்து. "கொஞ்சம் குடுத்துப் பழக்கினால் சரிவரும்" என்று வீட்டில் பரிசோதனை செய்கிற விசயமில்லை இது.

கச்சானும் கடலை, பருப்பு, பயறு, உழுந்து, சோயா, வெந்தயம் போல அவரைக் குடும்பம்தான். ஆனால் ஒன்று ஒத்துவராவிட்டால் எல்லாமே ஒத்துவராது என்று அர்த்தமில்லை. கச்சான் ஒவ்வாத பல பிள்ளைகள் பருப்பும் பயறும் பிரச்சினையில்லாமல் சாப்பிடுகிறார்கள். ஒரு தடிப்பைக் கண்டதும் எல்லாத்தையும் நிற்பாட்டினால் பிள்ளை மெலிந்துபோகும். எதை நிற்பாட்டுவது, எதைக் கொடுப்பது என்று வைத்தியர்தான் சொல்லவேண்டும். பக்கத்து வீட்டு ஆச்சியும் இல்லை, ரீச்சரும் இல்லை.

இன்னொரு பிழையான நம்பிக்கையும் இருக்கு: "சின்ன வயசில் கச்சான் காட்டாமல் விட்டால் அலர்ஜி வராது." லண்டனில் நடந்து 2015இல் வெளியான ஆய்வின் முடிவு இதை மாற்றிவிட்டது. கடும் கரப்பன் அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 குழந்தைகளை 5 வயது வரை பார்த்தார்கள். கச்சானைத் தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்குக் கச்சான் ஒவ்வாமை வந்தது. சின்னனிலேயே சாப்பிடத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 3 பேருக்குத்தான். ஆனால் அப்படியான குழந்தைக்குத் தொடங்குமுன் கிளினிக்கில் கேளுங்கோ. முழுக் கச்சானை 5 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது, தொண்டையில் அடைக்கும். நன்றாக அரைத்து, தண்ணியாகக் கரைத்துத்தான் கொடுக்கவேண்டும்.

இனிப் பாடசாலைப் பக்கம். காலைச் சாப்பாட்டில் கடலை, பயறு, பருப்பு வருவது நல்லது. அதை நிற்பாட்டச் சொல்லவில்லை. பசியோடு வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் பலம். ஒரு பிள்ளைக்காக நூறு பிள்ளையின்ர சாப்பாட்டை மாற்றுவது தீர்வில்லை. ஆனால் அந்த ஒரு பிள்ளை யாரென்று சமைக்கிற அம்மாவுக்கும் வகுப்பு ஆசிரியருக்கும் தெரியாமல் இருப்பது எங்கட குற்றம்தான்.

வருசத் தொடக்கத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "உங்கட பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது?" பதிலை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டலாம். கடலை நாளில் அந்தப் பிள்ளைக்கு ஒரு முட்டையோ மீனோ, அதற்கு ஒத்துவருவதைக் கொடுக்கலாம். பசியோடு மூலையில் இருத்தக்கூடாது. கடலைக்குப் போட்ட அதே கரண்டியால் அதன் தட்டில் போடவும் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்போம், பகிடிக்குக்கூட வாயில் திணிக்கக்கூடாது என்று. பெற்றோரே, மிக்சர், கடலைமா வடை, திரிபோஷா வாங்கும்போதும் உள்ளே என்ன என்று பாருங்கோ. திரிபோஷாவில் சோயா இருக்கு.

கடைசியாக, அவசரத்துக்கு. வெளிநாட்டுப் பிள்ளைகள் பையில் கொண்டு திரியிற அட்ரினலின் ஊசி இங்கே எல்லார் கையிலும் இல்லை. பிரிற்றன் குளிசை கடியைக் குறைக்கும், மூச்சுத் திணறலை நிற்பாட்டாது. குளிசை போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தால் நேரம் போய்விடும். பிள்ளையை நடக்கவிடாமல் படுக்க வையுங்கோ, மூச்சு முட்டினால் சாய்த்து இருத்துங்கோ. உடனே 1990க்கு அடியுங்கோ, அம்புலன்ஸ் இலவசம். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக "சாப்பாட்டு அலர்ஜி, மூச்சு இழுக்குது" என்று சொல்லுங்கோ.

எங்கட ஸ்கந்தபுரத்தில் விருந்துக்கு வந்தவரிடம் "மச்சமா, மரக்கறியா?" என்று கேட்காமல் இலை போடமாட்டோம். என் வீட்டுக்கு வருகிறவரும் எனக்கு எது ஆகும், எது ஆகாது என்று தெரிந்துதான் வைக்கிறார். அதே மரியாதையை ஒரு ஏழு வயதுப் பிள்ளைக்கும் கொடுப்போம்.

உங்கட பிள்ளைக்கு இப்படி ஏதும் இருந்தால் இந்தக் கிழமையே வகுப்பு ரீச்சரிடம் சொல்லுங்கோ. சொல்ல வெட்கப்படாதேங்கோ.