ஆற்றங்கரையில் விடப்பட்ட சனம்



'கேம் என்றாலே ஹராம்' என்போரோடு நாங்கள் இல்லை. 2015இல் போலந்திலிருந்து வந்த 'விட்சர் 3' கேமின் பலத்தை ஒப்புக்கொள்கிறோம். எது சரி என்று அது சொல்லித் தருவதில்லை. விளையாடுபவரே முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவின் விளைவு பல மணி நேரம் கழித்து வந்து நிற்கும். வகுப்பறையில் நாங்கள் கற்பிக்கத் திணறும் பாடம் அது.

ஆனால், 'போரின் வலியைச் சொன்ன கதை' என்று புகழ்வோரிடம் ஒரு கேள்வி.

கதையில் வெலன் என்ற நிலம் போரில் நாசமாகிறது. பொன்டார் ஆற்றைக் கடக்கப் பாஸ் வேண்டும். பாஸ் இல்லாத அகதிகள் கரையில் கிடக்கிறார்கள். கதாநாயகன் கெரால்ட்டுக்குப் பாஸ் எடுக்கப் பல வழிகள். அவன் கடந்து போய்விடுவான். பிரதான கதை அந்தச் சனத்திடம் திரும்பி வருவதே இல்லை. இதுவா போரின் வலி?

1990 ஒக்டோபரில் புலிகள் வெளியேறச் சொன்னபோது, இத்தீவை விட்டுக் கடல்வழியே கற்பிட்டிக்குப் போன சமூகம் நாங்கள். அகதியை வழியோரக் காட்சியாக்கும் கதையை, எவ்வளவு அழகாக இருந்தாலும், முழுமையான கதை என்று நாங்கள் ஏற்கமாட்டோம்.

பிள்ளைகளே, விளையாடுங்கள். கரையில் நின்றவர்களின் கதையை உம்மம்மாவிடம் கேட்டு எழுதியும் வையுங்கள்.