பழுப்புப் படலத்துக்கு மருந்து எதற்கு?

புது மீன்தொட்டியில் பழுப்புப் படலம் படிந்ததும் தண்ணீரை முழுதாக மாற்று, ஃபில்டரைக் குழாய்நீரில் அலசு, பாசிக்கொல்லி ஊற்று என்பது மீன்களுக்கே ஆபத்தான யோசனை. அந்தப் படலம் டயட்டம். நீரில் கரைந்த சிலிக்காவை எடுத்து ஓடு கட்டும் நுண்பாசி. மீனுக்குத் தீங்கில்லை, விரலால் தேய்த்தாலே போய்விடும். குழாய்நீரின் குளோரினோ, நச்சு அம்மோனியாவை மாற்ற ஃபில்டரில் அப்போதுதான் குடியேறும் பாக்டீரியாவை அழிக்கக்கூடும். தாமிரம் கலந்த பாசிக்கொல்லி இறாலையும் நத்தையையும் கொல்லும். புதுத் தண்ணீர் மேலும் சிலிக்காவைக் கொண்டுவரலாம்.

அப்படியானால் இவை எதையும் செய்யாமல் படலம் தானாக எப்படி அடங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. செடிகளும் பச்சைப்பாசியும் பிற நுண்ணுயிர்களும் நிலைகொண்டு இடத்தையும் சத்தையும் பிடித்துக்கொள்வதால், பெரும்பாலான தொட்டிகளில் சில வாரங்களில் அடங்குகிறது. விளக்கைக் குறைப்பதும் பயன் தராது. மங்கலான ஒளியிலும் டயட்டம் வளரும், வாடுவது செடிதான். மாதக்கணக்கில் நீடித்தால் மட்டும் குழாய்நீரின் சிலிக்காவைச் சோதித்து, அது அதிகமிருந்தால் ஆர்.ஓ. நீர் கலக்கலாம்.