தூசிதானே சார்!

கோட்டக்குப்பத்துல ஈசிஆர் ரோட்டுல இருந்து உள்ள திரும்பி எந்தத் தெருவுல நடந்தாலும் எங்கயாவது ஒரு கட்டிங் மெஷின் அலறிட்டு இருக்கும். பழைய வீட்டைப் புதுசாக்குறாங்க, சந்தோஷம். ஆனா தரையை உடைக்கிற லட்சணத்தைப் பாத்தா எனக்கு பத்திக்கிட்டு வருது. அதான் இந்தப் பதிவு.

"இது என்ன தரைங்க?"ன்னு வீட்டுக்காரரைக் கேட்டா, "யாருக்குத் தெரியும், அறுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்"ங்கறார். பொட்டி தட்டுற நம்ம ஆளுங்க யாராவது ப்ரொடக்‌ஷன் சர்வர்ல போய் "ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிடும்"னு சொல்வோமா? சொன்னா வேலை இருக்குமா?

அறுக்காமலே கண்டுபிடிக்கலாம் மக்களே. வாசப்படி ஓரத்துல, இல்லன்னா ஏற்கெனவே பேந்த மூலையில தரையோட விளிம்பைப் பாருங்க. சிவப்பு மேல்பூச்சு, அடியில சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும்னா அது ரெட் ஆக்சைடு. சிமெண்ட்ல சலவைக்கல் சில்லு பதிஞ்சிருந்தா மொசைக். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குள்ள ஒரே மாதிரி மழமழன்னு இருந்தா செராமிக் இல்லன்னா விட்ரிஃபைடு டைல்ஸ். கறுப்பா கனமான பலகைன்னா கடப்பாவா, கிரானைட்டாங்கறதுதான் சந்தேகம். மூலையில லேசா கீறி, அந்தப் பொடியில எலுமிச்சைச் சாறு விடுங்க. நுரைச்சா சுண்ணாம்புக்கல், அதாவது கடப்பா. சும்மா கிடந்தா கிரானைட். செலவு: ஒரு எலுமிச்சம்பழம். மிச்சத்துல ஜூஸ் போட்டுக்கலாம் :-)

லண்டன், டொரன்டோ பக்கம் பழைய வீடு வாங்கியிருக்கிற பதிவர்களுக்கு மட்டும் தனியா ஒண்ணு. 9 இஞ்ச் சதுர வினைல் டைல், அடியில கறுப்புப் பசைன்னா கையை வைக்காதீங்க. ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதுக்கு எலுமிச்சை உதவாது, லேப்தான். பிரிட்டன் 1999லயும் கனடா 2018லயும் தடை போட்டதே, தவிர பழைய தரையில இருக்கறது தானா மறைஞ்சிடாது.

சரி, இப்ப மெயின் மேட்டர். தரை எதுவா இருந்தாலும் அடியில இருக்கிறது மணல் கலவை. மணல்னா பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிகா. கிரானைட்லயும் அதுதான். நாலு இஞ்ச் மெஷின் நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுத்துக்கு மேல சுத்தி அதை மாவாக்குது. கண்ணுக்குத் தெரியற தூசி மூக்கோட நின்னுடும். தெரியாத சில மைக்ரான் தூசி நேரா நுரையீரல் அடி வரைக்கும் போய் உக்காந்துக்கும். பேரு சிலிகோசிஸ். வந்தா திரும்பாது. இந்தத் தூசி புற்றுநோயும் வரவைக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு அமைப்பு 1997லயே வகைப்படுத்தியாச்சு. ஆஸ்திரேலியா 2024 ஜூலைல, கிச்சன் மேடைக்குப் போடற செயற்கைக் கல்லையே தடை பண்ணிடுச்சு. காரணம், அதை அறுத்த இளவயசுப் பசங்க மூச்சுக்குத் திணறினதுதான்.

இங்க என்ன நிலைமை? 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே சிலிகோசிஸ் அறிவிக்க வேண்டிய நோயா இருந்துச்சு. ஆனா நம்ம ஹால் தொழிற்சாலை இல்லையே! 1996ல வந்த கட்டடத் தொழிலாளர் சட்டமும், 10 லட்சத்துக்குள்ள நடந்த சொந்த வீட்டு வேலையை வெளியிலதான் விட்டிருந்துச்சு. ஆக, உங்க ஹால்ல குந்தி உக்காந்து அறுக்கிற தம்பிக்கு சட்டமும் அதிகாரியும் எல்லாமே நீங்கதான்.

"மாஸ்க் குடுத்தா அவங்களே போட மாட்டாங்க சார்"னு ஒரு ரெடிமேட் பதில் வரும். மே மாச வெயில்ல மூச்சு முட்டுதுன்னு கழட்டறான், உண்மைதான். அதனாலதான் சொல்றேன், தண்ணி விட்டு அறுங்க. ஒருத்தர் அறுக்க, இன்னொருத்தர் பிளேடு விழற இடத்துல விடாம தண்ணி ஊத்தணும். பெரும்பகுதி தூசி எந்திரிக்கறதுக்கு முன்னாடியே சேறா அடங்கிடும். மெஷின் லைன்ல 30 மில்லிஆம்ப் ஈஎல்சிபி கட்டாயம், இல்லன்னா தண்ணியும் கரண்ட்டும் சேந்து வேற கதையாயிடும். என்95 மாஸ்க் அதுக்கு மேல ஒரு காவல். மூக்கைச் சுத்திக் கட்டுற துண்டு காவலே இல்ல. மரம் அறுக்கிற பல் பிளேடை மாட்டறது, கார்டைக் கழட்டறது ரெண்டும் கூடவே கூடாது.

"ஹால் சேறாயிடும், நேரம் ஆகும், கூலி கூடும்"பீங்க. ஆகட்டுமே! சேத்தை மாப் போட்டுத் தொடைக்கலாம், நுரையீரலை எந்த மாப் வெச்சுத் தொடைப்பீங்க? டைல்ஸ் செலக்ட் பண்ண நாலு கடை ஏறி இறங்கறோம். அதை ஒட்ட வர்றவன் மூச்சுக்கு ஒரு பக்கெட் தண்ணியும் அரை நாள் கூலியும் கணக்குப் பாக்கறோம்.

"தூசிதானே சார்"னு அந்தத் தம்பி சொன்னா, அவனுக்கு யாரும் சொல்லித் தரல. அதையே பி.ஈ. படிச்ச நாம சொன்னா அதுக்குப் பேரு வேற.

டிஸ்கி: "எங்க தாத்தா வாழ்நாளெல்லாம் கல்லு கொத்தினார், நல்லாத்தான் இருந்தார்"னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: தாத்தா கையில இருந்தது உளி. கிரைண்டர் இல்ல.