துரு என்று சொல்லுமுன் துடைத்துப் பாருங்கள்



பனி தொடங்கியதிலிருந்து என் வாட்ஸ்அப்பில் பூண்டு இலைப் படங்களாகவே வந்து விழுகின்றன. ஒரகடம், வல்லம், மாத்தூர் பக்கம் ஷிப்டுக்குப் போய்வரும் என் பிள்ளைகள் பலர், வாடகை வீட்டு மாடியில் அரிசிச் சாக்கிலும் பெயிண்ட் வாளியிலும் பூண்டு நட்டிருக்கிறார்கள். (பெயிண்ட் வாளி வேண்டாமப்பா, சாக்கே போதும்.) எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், இலையில துரு விழுந்துடுச்சு. என்ன மருந்து அடிக்கலாம்?"

நீங்கள் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை துருவே அல்ல என்பது என் கருத்து.

கார் பாடியில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்கள் உங்களில் உண்டு. இரும்புத் துரு காற்றும் ஈரமும் செய்கிற வேலை. பூண்டுத் துருவோ உயிருள்ள பூஞ்சை, பக்சீனியா அல்லி என்று பெயர். இரண்டுக்கும் நிறம்தான் ஒற்றுமை. இலையில் சின்னச் சின்ன ஆரஞ்சுக் கொப்புளங்கள் கிளம்பி, தோல் வெடித்துப் பொடி கொட்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் மஞ்சள்தூள் பட்டதுபோல் ஒட்டும். துணியில் பொடி ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அது துரு இல்லை.

இந்தப் பூஞ்சைக்குக் குளிர் வேண்டும். 24 டிகிரியைத் தாண்டினால் திணறிவிடும். நம் ஊரில் மார்கழி இரவே 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. பகல் 30ஐத் தொடுகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் இடத்துக் குளிர் வேறு, நம் தகரக் கூரை ஓரத்து வெயில் வேறு. கோதுமைத் துருவைப் பற்றி முன்பு வகுப்பில் சொன்னது நினைவிருக்கிறதா? சமவெளியின் கோடையில் அது பிழைப்பதில்லை; நீலகிரி, பழனி போன்ற மலைகளின் குளிரில் தங்கி, காற்றேறி மறுபடி இறங்குகிறது என்று ஆக்ராவில் பணியாற்றிய கே.சி. மேத்தா காட்டினார். வேறு பயிர், வேறு துரு. ஆனாலும் வெயிலுக்கு அஞ்சுகிற குணம் ஒன்றே.

அப்படியானால் நீங்கள் பார்ப்பது என்ன? நுனி மட்டும் காய்ந்து பழுத்தால் வெயில், உப்புத்தன்மையுள்ள போர் தண்ணீர், அல்லது வேரில் தேங்கிய நீர். வெள்ளிக் கீறல்போல் இருந்தால் இலைப்பேன். ஊதா நிற நடுவும் மஞ்சள் விளிம்புமாகப் புள்ளி விழுந்தால் அது ஊதாப் புள்ளி நோய், அதுவும் பூஞ்சைதான். இத்தனைக்கும் ஒரே மருந்து எப்படி இருக்கும்?

போன வாரம் ஒரு மாணவி, கடையில் காகிதத்தில் மடித்துத் தந்த பொடியைக் கரைத்துத் தெளிக்கப்போவதாகச் சொன்னாள். அதே இலையைக் கிள்ளித்தான் பிள்ளைக்குத் தோசையில் தூவுகிறாள்! கோபமே வந்துவிட்டது. முறையான பாக்கெட்டில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, தெளித்தபின் பறிக்க எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். நஞ்சின் அளவைச் சொல்லும் நிற முக்கோணமும் இருக்கும். மடித்த காகிதத்தில் என்ன இருக்கும்? ஏக்கர் கணக்கில் போட்டவர் மருந்தடிப்பதில் நியாயம் உண்டு, அவருக்கு அது பிழைப்பு. எட்டுப் பல் நட்ட சாக்குக்கு, தினம் கிள்ளித் தின்கிற இலைக்கு, அது தேவையே இல்லை.

ஒருவேளை துணியில் பொடி ஒட்டியே விட்டதா? அந்த இலைகளை அடியோடு நறுக்கி, கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். செடிகளை நெருக்கமாக விடாதீர்கள். தண்ணீரைக் காலையில் வேரடியில் ஊற்றுங்கள், இலை நனைய வேண்டாம். யூரியாவை நிறுத்துங்கள், கொழுத்த இலையில்தான் துரு குஷியாக ஏறும். பக்கத்துத் தொட்டியில் வெங்காயம் இருந்தால் தள்ளி வையுங்கள். தக்காளி, கத்தரிக்கு இந்தத் துரு வராது. மண்ணுக்குள் இருக்கும் பூண்டையும் அது தின்பதில்லை. இலை குறைந்தால் பூண்டு சிறுக்கும், அவ்வளவுதான். தாராளமாகச் சாப்பிடலாம்.

பூண்டு திரள்வதற்கும் குளிர் வேண்டும் என்பதால், நம் பக்கம் பல்லைவிடத் தாள்தான் ஒழுங்காகக் கிடைக்கும். ரசத்துக்கும் துவையலுக்கும் அது போதாதா?

இனி படம் அனுப்புகிறவர்கள் இலையோடு, துடைத்த துணியையும் பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்புங்கள்.